மிஞ்சிய பிளம்பிங் பைப்பில் ஃபோம் டார்ட் துப்பாக்கி: கேள்வி பதில்

பைப், வாசர், ரப்பர் பட்டையை வைத்து வீட்டிலேயே ஃபோம் டார்ட் துப்பாக்கி செய்வது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பெரிய பைப்புக்குள் வாசர் மாட்டிய பிஸ்டனை ஸ்பிரிங்கோ ரப்பர் பட்டையோ தள்ளும், அமுங்கும் காற்று முன்னால் உள்ள மெல்லிய குழலிலிருந்து டார்ட்டை (ஃபோம் துண்டை) வெளியே தள்ளும், அவ்வளவுதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, எந்தப் பைப் வாங்குவது? கடையில் க்ரீம் கலரும் சாம்பல் கலரும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

தம்பி, டார்ட் போகும் குழலுக்கு க்ரீம் கலரில் வரும் அரை இன்ச் சி.பி.வி.சி. வாங்குங்கள். வெந்நீர் லைனுக்குப் போடுவது அதுதான். மேலே எஸ்.டி.ஆர். 11 (சுவர்த் தடிமனைக் காட்டும் குறி) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் வெளிவிட்டம் 15.9 மி.மீ., உள்விட்டம் ஏறக்குறைய 12.4 மி.மீ. கடையில் விற்கும் டார்ட் 12.7 முதல் 13 மி.மீ. வரை இருக்கும், ஆகவே ஃபோம் லேசாக அமுங்கி உட்காரும். ரப்பர் முனை பருமனாக உள்ள டார்ட் மட்டும் சிக்கலாம். அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் குழலுக்குப் பயன்படுத்திய அரை இன்ச் சி.பி.வி.சி.யும் இதே அளவுதான்.

பிஸ்டன் ஓடும் பெரிய பைப் அப்படி இல்லை. சாம்பல் கலர் பி.வி.சி. இங்கே பெரும்பாலும் 32, 40 மி.மீ. என்று வெளிவிட்டக் கணக்கில் வரும். அமெரிக்க வரைபடத்தில் உள்ள இன்ச் அளவை நம்பி வாங்கினால் பொருந்தாது. முதலில் வாசரை வாங்கிக்கொள்ளுங்கள், அதைக் கையோடு எடுத்துப்போய் எந்தப் பைப்பில் இறுக்கமாக ஓடுகிறதோ அதை வாங்குங்கள். குழலுக்கு ஓரடிதான் தேவை. முழு நீளம் வாங்க வேண்டாம், வீடு கட்டும் இடத்தில் பிளம்பரைக் கேட்டால் துண்டு கிடைக்கும்.

கேள்வி: நல்ல முரட்டு ஸ்பிரிங் போட்டும் டார்ட் பத்தடியில் விழுகிறது. இன்னும் பெரிய ஸ்பிரிங் தேடுகிறேன்.

தேடாதீர்கள். அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். டார்ட்டைத் தள்ளுவது காற்று, அந்தக் காற்றை அமுக்கும் வேலை மட்டும்தான் ஸ்பிரிங்குக்கு. காற்று வழியில் கசிந்தால் எந்த ஸ்பிரிங் போட்டும் பயனில்லை.

குழல் வாயைக் கட்டை விரலால் நன்றாக மூடிக்கொண்டு பிஸ்டனைக் கையால் தள்ளுங்கள். பாதி வழியில் அது முரண்டு பிடிக்க வேண்டும், கையை எடுத்தால் பின்னால் துள்ள வேண்டும். மெதுவாகக் கடைசி வரை இறங்கிப் போனால் எங்கோ கசிகிறது. மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும்.

மூட்டில் குமிழி இல்லையென்றால் வாசரைப் பாருங்கள். சைக்கிள் பம்புக்குப் போடும் கிண்ண வடிவ லெதர் வாசர் இதற்கு அருமையான பொருள். கிண்ணத்தின் வாய் குழல் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் தள்ளும்போது காற்று உள்ளே புகுந்து விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்ட வைக்கும், பின்னால் இழுக்கும்போது ஓரமாகக் காற்றை விடும். திருப்பிப் போட்டால் நேர்மாறாக வேலை செய்யும். சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், அது பட்டால் சி.பி.வி.சி.யில் விரிசல் விழும்.

குழலின் வெட்டு முனையையும் கவனியுங்கள். ஹாக்சா பிளேடால் அறுத்ததும் உள் விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கும், விரலை விட்டால் சொரசொரப்பாகத் தெரியும். ஒவ்வொரு முறை டார்ட் நுழைக்கும்போதும் அது ஃபோமைச் சீவும். பத்து தடவை சுட்டதும் டார்ட் லூசாகிவிட்டது என்பார்கள், காரணம் இதுதான். கத்தி முனையால் சுற்றிச் சுரண்டிவிட்டு உப்புத்தாள் போடுங்கள்.

கேள்வி: குழல் நீளமாக வைத்தால் தூரம் கூடுமா?

ஓரளவுக்குத்தான். 12.4 மி.மீ. துளையில் 30 செ.மீ. குழல் என்றால் உள்ளே சுமார் 36 க.செ.மீ. இடம். பிஸ்டன் பைப்பின் உள்விட்டம் 35 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 10 செ.மீ. என்றால் 96 க.செ.மீ. காற்று, ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இந்தக் கணக்கு நன்றாக வேலை செய்யும். குழலை ஒரு மீட்டருக்கு நீட்டினால் டார்ட் வெளியே வருவதற்குள் காற்று தீர்ந்துவிடும், மிச்ச தூரம் உராய்வுதான்.

கேள்வி: ட்ரிக்கர் எப்படிச் செய்வது சார்?

முதல் துப்பாக்கிக்கு ட்ரிக்கரே வேண்டாம். பிஸ்டன் கம்பியைப் பின்னால் இழுத்து விட்டால் போதும். காற்றுக் கசிவெல்லாம் சரியான பிறகு ட்ரிக்கருக்கு வாருங்கள். ஒரு தகட்டில் கம்பியைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை போட்டு, கம்பியில் ஒரு பள்ளம் அராவுங்கள். தகட்டின் கீழே பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் வைத்தால் பள்ளம் வரும் இடத்தில் தகடு மேலே ஏறிக் கவ்விக்கொள்ளும். தகட்டை அமுக்கினால் கம்பி விடுபடும்.

கேள்வி: பைப்பை அடைத்து சைக்கிள் பம்பால் காற்று ஏற்றினால் இன்னும் வேகமாகப் போகுமே?

செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பைப்பில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் தண்ணீருக்கானது. தண்ணீர் நிறைந்த பைப் விரிசல் விட்டால் அழுத்தம் உடனே இறங்கிவிடும். அடைபட்ட காற்று அப்படியல்ல, விரிந்துகொண்டே வந்து பி.வி.சி.யைக் கூரான சில்லுகளாகத் தெறிக்க வைக்கும். வெயிலில் கிடந்த பைப் இன்னும் மோசம். சுடும் கணத்தில் மட்டும் காற்று அமுங்கும் பிஸ்டன் முறையோடு நிற்போம்.

கேள்வி: டார்ட்டையும் வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாக. கட்டட இடைவெளிகளில் சீலன்ட் அடிப்பதற்கு முன் திணிக்கும் ஃபோம் கயிறு இருக்கிறதே, பேக்கர் ராட், அதுதான் மூலப்பொருள். குழலில் லேசாக இறுகும் பருமன் வாங்கி இரண்டு இன்ச் துண்டுகளாக வெட்டுங்கள். சுருட்டி வைத்து விற்பதால் வளைந்திருக்கும், ஹேர் டிரையரால் சூடு காட்டி நேராக்குங்கள். முன்னால் சின்ன உலோக வாசர் ஒன்றை ஹாட் க்ளூவால் ஒட்டி, அதன்மேல் நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ஃபெல்ட் வட்டத்தை ஒட்டுங்கள். முனையில் எடை இல்லாத டார்ட் காற்றில் தலைகீழாகப் புரளும். மொத்தம் ஒரு கிராம் அளவு வந்தால் போதும். உலோகம் வெளியே தெரியவே கூடாது.

கேள்வி: என் பெண்ணுக்கு ஒன்பது வயது. பயமில்லாமல் கொடுக்கலாமா?

நீங்கள் கூட இருந்தால் கொடுக்கலாம். ஆனால் கண்ணாடி இல்லாமல் யாரும் விளையாடக் கூடாது, வேடிக்கை பார்ப்பவர்களும் சேர்த்துத்தான். 2017-ல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை மருத்துவர்கள், ஃபோம் டார்ட் கண்ணில் பட்டு உள்ளே ரத்தம் கசிந்த மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். மூன்றுமே கடையில் விற்கும் பொம்மைத் துப்பாக்கியால் வந்தவை. நாம் செய்வது அதைவிட வேகமாகவும் சுடலாம். பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். முதல் செலவு அதுதான், பைப் அப்புறம். குழலுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு பெயின்ட் அடித்துவிடுங்கள், தெருவில் பார்ப்பவர்கள் நிஜத் துப்பாக்கி என்று நினைக்கக் கூடாது.

கேள்வி: முதலில் நன்றாகச் சுட்டது, இப்போது பவர் குறைந்துவிட்டது.

இழுத்து மாட்டிய நிலையிலேயே வைத்திருக்கிறீர்களா? ரப்பர் தளர்ந்துவிடும், பைப்பும் மெல்ல வளையும். விளையாடி முடித்ததும் டார்ட்டை எடுத்துவிட்டு, பிஸ்டனைக் கையால் பிடித்தபடி மெதுவாக முன்னால் விடுங்கள். லெதர் வாசர் காய்ந்திருந்தால் மறுபடி கிரீஸ் போட்டால் சரியாகிவிடும். சைக்கிள் ட்யூபை வெட்டிப் பட்டை போட்டிருந்தால் அதை லேசாக இழுத்து ஓரத்தைப் பாருங்கள், பிளவு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.