பரீட்சை பயத்தில் பேட்மேனை நினைத்துக்கொள்வது கிறுக்குத்தனமா?

கேட்டவர் பிளஸ் டூ மாணவர். தூக்கம் வராத ராத்திரிகளில் அப்படித்தான் தெம்பு தேடுகிறாராம்.

கிறுக்குத்தனம் இல்லீங்க. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 4, 6 வயதுக் குழந்தைகளுக்கு 10 நிமிடம் சலிப்பான வேலை கொடுத்தார்கள். பக்கத்திலேயே விளையாட ஐபேட். "நான் ஒழுங்காச் செய்யறனா?" என்று கேட்டுக்கொண்டவர்களைவிட, தன்னையே பேட்மேனாக நினைத்து "பேட்மேன் ஒழுங்காச் செய்யறானா?" என்று கேட்டுக்கொண்டவர்கள் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். நம் கவலையிலிருந்து ஓரடி தள்ளி நிற்க அந்த வேஷம் இடம் கொடுக்கிறது, சூட்சுமம் அவ்வளவுதான். (கறுப்புப் போர்வை அவசியமில்லை.)

எனக்கு நம்மூர் ஆளே போதும். கொங்கில் உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதையில் எங்க அப்புச்சி பொன்னர், சங்கர் கட்சி; நான் தங்காள் கட்சி. அண்ணன்கள் மாண்ட பிறகு படுகளம் தேடிப் போனவள் அவள். மஞ்சள் விலை சரிந்த வருஷம் கடன்காரர் வாசலில் நின்றார். தாழ்ப்பாளில் கை வைத்தபடி, "தங்காள் இப்ப என்ன பண்ணுவா?" என்று முனகினேன். கதவைத் திறந்து, "உள்ள வாங்க, காப்பித்தண்ணி குடிங்க" என்றேன். கடன் அப்படியேதான் இருந்தது. கை நடுக்கம் நின்றது.

ஆனா கண்ணு, வாரக்கணக்கில் தூக்கம் இல்லையென்றால் நாயகர் போதாது. 14416க்கு அடி, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.