‘மலைக்கும் மடுவுக்கும்’ என்றால் என்ன?

மலை தெரியும், மடு எது என்பதுதான் கேள்வி. ஆற்றில் ஆழமாகப் பள்ளம் விழுந்து நீர் தேங்கும் இடம் மடு. கண்ணன் காளியன்மேல் ஆடியது யமுனையின் மடுவில்தான். ஒன்று வானை நோக்கி உயர்கிறது, மற்றது பூமிக்குள் இறங்குகிறது. எவ்வளவு அழகான சொல்லாட்சி!

“அண்ணனுக்கும் தம்பிக்கும் குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்” என்று எழுதலாம். சரி, 500 ரூபாய்க்கும் 520 ரூபாய்க்கும் இதைச் சொல்லலாமா? கூடாது. எட்டாத இடைவெளி இருந்தால்தான் பொருந்தும்.

‘ஏணி வைத்தாலும் எட்டாது’ என்பதும் கிட்டத்தட்ட இதே பொருள்தான். ஆனால் அதில் ஒருவரைத் தாழ்த்தும் தொனி உண்டு. பேச்சு முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் இவை இரண்டும் பொருந்தாது; அதற்கு ‘ஏறுக்கு மாறு’ என்பதே சரி.