பின் ஷாக் அப்சார்பரில் ஒன்றை மட்டும் மாற்றலாமா?

கேள்வி: எங்கள் ஏழு இருக்கை எஸ்யூவி 90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலை ஏறி வேலூர் பக்கம் வரும்போது, பாலங்களின் இணைப்புகளில் பின்புறம் தூக்கிப் போட்டு, இரண்டு மூன்று முறை ஆடிய பிறகே அடங்குகிறது. இடது பின் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிகிறது. அதை மட்டும் மாற்றிவிட்டு, சுமைக்காக இரு ஸ்பிரிங்குகளிலும் சுருள்களுக்கிடையே செருகும் ரப்பர் பஃபர் வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். அவர் சொல்வது சரியா ஐயா? இந்த வேலையை வீட்டில் செய்ய முடியுமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டு பின் ஷாக்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள். ரப்பர் பஃபர் வேண்டாம்.

உங்கள் வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான். அது அமுங்கி விரியும்போது எழும் ஆட்டத்தை அடக்குவதே ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகள், வால்வுகள் வழியாக நெருக்கிக்கொண்டு செல்வதால், ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. எண்ணெய் குறைந்தாலோ வால்வுகள் தேய்ந்தாலோ இந்த அடக்கும் திறன் போய்விடும். அந்த நிலையில் பஃபர் வைத்து ஸ்பிரிங்கை மேலும் விறைப்பாக்கினால், அது முன்னைவிட வேகமாக மேலே தள்ளும். அடக்க வேண்டிய ஷாக்கோ ஏற்கெனவே தளர்ந்து கிடக்கிறது. பின்புறம் சற்று உயர்ந்து நிற்பதைப் பார்த்துக் குறை தீர்ந்ததாகத் தோன்றும். ஆனால் துள்ளல் அப்படியேதான் இருக்கும்.

வலதுபுறம் கசியவில்லை என்பதால் அது நலமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. கசிவே இல்லாமலும் வால்வுகள் தேயும். அதுவும் அதே 90,000 கிலோமீட்டர் ஓடியதுதான். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் தளர்ந்ததுமாக இருந்தால், பின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலின் இரு முனைகளும் ஒரே பள்ளத்துக்கு வெவ்வேறு விதமாக அசையும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்களோடும் பெட்டிகளோடும் இறங்கும்போது பிரேக்கை அழுத்தினால், சாலையை விட்டுத் துள்ளும் டயரில் பிடிப்பு இருக்காது. இதனால் வண்டி நிற்கும் தூரம் கூடும் என்பதே என் பெரிய கவலை.

பம்பரை அழுத்திவிட்டு, எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனையைக் கனமான எஸ்யூவியில் நம்பாதீர்கள். முற்றிலும் செத்துப்போன ஷாக்கை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். பின் டயர்களின் மேற்பரப்பைக் கையால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் டயர் துள்ளியிருக்கிறது என்று பொருள். ஷாக்கின் தண்டு வெளிவரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீலின் அருகே மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் புழுதி ஒட்டியிருப்பது இயல்பு. உங்கள் வண்டியில் போல வழிவதுதான் கோளாறு.

வீட்டில் செய்வது வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்திருந்தால் தொடாதீர்கள்; அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் உள்ள, இரு பின் சக்கரங்களையும் ஒரே துண்டாக இணைக்கும் முழு ஆக்சில் வண்டியானால், அனுபவமுள்ள ஒருவர் உடனிருக்கச் செய்யலாம். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேசிஸை இருபுறமும் ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. பிறகு இன்னொரு ஜாக்கியால் ஆக்சிலைத் தாங்கிப் பிடியுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பல வண்டிகளில் ஆக்சில் கீழே இறங்காமல் தடுப்பது ஷாக்தான் என்பதால், அதைக் கழற்றியதும் ஆக்சில் தொங்கி, பிரேக் ஹோஸ் இழுபடும், ஸ்பிரிங் இடம் பெயரும். ஆகவே ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்த பக்கம்.

கீழ் போல்ட் துருவேறி இறுகியிருந்தால் முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வையுங்கள். தீ வைத்துச் சூடேற்ற வேண்டாம். எரிபொருள் டேங்கும் பிரேக் ஹோஸும் அருகில் இருக்கக்கூடும், ஷாக்கினுள்ளோ அழுத்தமேற்றிய வாயு இருக்கலாம். மேல் நட்டைத் திருப்பும்போது தண்டு கூடவே சுழன்றால், அதன் முனையில் உள்ள பிடிப்பில் ஸ்பானர் போடுங்கள். பளபளப்பான தண்டைக் குறடால் பிடித்தால் கீறல் விழுந்து புதிய சீலும் கசியத் தொடங்கிவிடும்.

ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றி அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளை முதலில் கைப்பிடிப்பாக மட்டும் முடுக்குங்கள். சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகே, வண்டியின் கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்க வேண்டும். ஆக்சில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

கேள்வி: பழைய ஷாக்கைத் திறந்து, எண்ணெய் மாற்றி, குறைந்த விலைக்குத் தருகிறார்கள். பெரிய எஸ்யூவிக்கு வாங்கலாமா?
– வாசகர், ஆரணி

பதில்: வேண்டாம். எண்ணெய் நுரைத்துப்போகாமல் இருக்கவே உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் அடைக்கிறார்கள்; திறந்ததும் அது போய்விடும். தேய்ந்த வால்வு, எண்ணெய் மாற்றுவதால் சரியாகாது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைச் சாலையில் எண்ணெய் சூடேறி நுரைத்தால் ஷாக் தன் வேலையைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடும். சுமைக்கேற்பப் பின்புறத்தின் உயரத்தைத் தானே சரிசெய்யும் வகை ஷாக் உங்கள் வண்டியில் இருந்தால், அதே வகையையே வாங்குங்கள். அத்தகைய வண்டிகளின் ஸ்பிரிங் மென்மையானது என்பதால், சாதாரண ஷாக் போட்டால் பின்புறம் தாழ்ந்துவிடும்.