தொந்தியும் தொப்பையுமாக இருக்கும் சூப்பர் ஹெவிவெயிட் பளுதூக்கும் ஆட்களை எப்படி விளையாட்டு வீரர்கள் என்று சொல்கிறார்கள்?

பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜார்ஜியாவின் லாஷா தலாகாட்ஸே மூன்றாவது தங்கம் வாங்கிய வீடியோவை எங்கோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கிண்டலோ, நிஜச் சந்தேகமோ தெரியாது. நான் கல்லூரிக் காலத்தில் 105 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் தூக்கியவன், அதனால் சும்மா போக மனசு வரவில்லை. மாவட்டம், பல்கலைக்கழகம், அதோடு சரி. "நீ என்ன பெரிய ஒலிம்பிக் வீரனா" என்று கீழே யாராவது எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தத் தொப்பை. மற்ற எல்லாப் பிரிவுக்கும் மேல்வரம்பு உண்டு. எடை பார்க்கும்போது நூறு கிராம் கூடினாலும் அந்தப் பிரிவில் தூக்க முடியாது. அதனால் அவர்கள் உடம்பில் வேண்டாத கொழுப்புக்கு இடமே இல்லை. கடைசிப் பிரிவுக்கு மட்டும் மேல்வரம்பு கிடையாது. தசை ஏற வேண்டுமென்றால் சாப்பிட்டாக வேண்டும், அப்படிச் சாப்பிட்டால் தசை மட்டும் ஏறாது. தலைக்கு மேல் போகிற இரும்பு 250 கிலோ என்றால், கீழே நிற்கிறவனும் கனமாக இருந்தால்தான் அது அவனைத் தள்ளாட விடாது. பசியே இல்லாத நேரத்தில் சாப்பிடுவதும் பயிற்சியில் ஒரு பகுதி. எனக்கு அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது, நம்பினால் நம்புங்கள்.

2021 டிசம்பரில் தாஷ்கண்ட் உலகப் போட்டியில் லாஷா ஸ்னாட்சில் (தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல் போவது) 225, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோள், அப்புறம் தலைக்கு மேல்) 267, மொத்தம் 492 கிலோ தூக்கினார். அந்த 225 கிலோ மேலே எழும்புகிற கண நேரத்துக்குள், 170 கிலோவுக்கு மேற்பட்ட உடம்பு அதற்கு அடியில் புகுந்து, குதிகால் தரையில் பதியக் குத்தவைத்து உட்கார்ந்து, கையை மடக்காமல் வாங்க வேண்டும். வெறுங்கையோடு அப்படி உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் தொப்பையைப் பற்றிப் பேசலாம்.

உடனே சிலர் வருவார்கள். உடல் எடைக்கு எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டால் சின்னவர்கள்தான் கெட்டி, சரிதான். துருக்கியின் நயீம் சுலைமானோக்லு 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில், கிளீன் அண்ட் ஜெர்க்கில் 190 கிலோ தூக்கினார், மூன்று மடங்குக்கு மேல். ஊக்கமருந்தா? லாஷாவுக்கே 2013இல் அதற்காக இரண்டு ஆண்டு தடை விழுந்தது. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அது எல்லா எடைப் பிரிவிலும் இருக்கிற சீக்கு, தொப்பையோடு முடிச்சுப் போடாதீர்கள்.

என்னை உண்மையில் சுடுவது வேறொரு பேச்சு. "ஹெவிவெயிட்ல ஆளே இருக்க மாட்டான், போய் நின்னாலே மெடல்." ஒரு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் என் பிரிவில் நான் ஒருவன்தான். காலரியில் இருந்து ஒருத்தன் இதையே கத்த, மொத்தக் கூட்டமும் சிரித்தது. தனியாகத் தூக்குவது எப்படி இருக்கும் என்று சிரித்தவர்களுக்குத் தெரியாது. பாரில் எடை ஏறிக்கொண்டேதான் போகும், இறங்காது. அதனால் மற்ற பிரிவுக்காரர்கள் எல்லாம் முடித்த பிறகுதான் என் முறை. அப்புறம் நானே அடுத்தடுத்து வர வேண்டும், நடுவில் கொடுப்பது இரண்டே நிமிடம். ஸ்னாட்சில் மூன்று வாய்ப்பும் போனால் டோட்டல், அதாவது இரண்டு தூக்கும் சேர்ந்த கணக்கு, கிடையாது, எதிரே யாருமே இல்லாவிட்டாலும் பூஜ்யம்தான்.

முதல் தூக்கு பின்னால் விழுந்தது. அடுத்ததில் முழங்கை லேசாக மடங்கி நிமிர்ந்ததை நடுவர்கள் பார்த்துவிட்டார்கள், சிவப்பு விளக்கு. எடையை இனிக் குறைக்கவும் வழியில்லை. கோச் சார் பக்கத்தில் வந்து, "இழுத்துட்டுப் பார்க்காத, உடனே உட்காருடா" என்று மட்டும் சொன்னார். கடைசி வாய்ப்பில் நின்றது. மூன்று வெள்ளை விளக்கு எரிந்தபோது காலரியில் சத்தம் இல்லை. மறுநாள் கல்லூரி மேடையில் மெடலைக் கழுத்தில் போட்ட பெரியவர், "தம்பிக்குப் போட்டியே இல்லையாமே" என்று மைக்கில் சொல்லிச் சிரித்தார். அந்த மெடலை வீட்டில் ஆணியில் மாட்ட எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தப் பூஜ்யம் யாரையும் விடாது. சோவியத் யூனியனின் வாசிலி அலெக்சேயெவ், சுரங்க ஊரான ஷாக்தியில் பயிற்சி செய்தவர், 1970இல் அமெரிக்காவின் கொலம்பஸில் 500 பவுண்டை முதன்முதலாகத் தலைக்கு மேல் தூக்கினார். 80 உலக சாதனைகள். ஒவ்வொரு சாதனைக்கும் பரிசுப் பணம் உண்டு என்பதால் அரை அரைக் கிலோவாக ஏற்றுவார், விவரமான மனுஷன். மியூனிக், மான்ட்ரியல் ஒலிம்பிக் இரண்டிலும் தங்கம். 1980இல் சொந்த நாட்டு ஒலிம்பிக்கில், மாஸ்கோவில், 180 கிலோவில் ஸ்னாட்சைத் தொடங்கி மூன்றையும் விட்டார். அவ்வளவுதான், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தொப்பை காப்பாற்றவில்லை, பார்த்தீர்களா?

நம் நாட்டுக் கதையும் கேளுங்கள். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் பஞ்சாபின் குர்தீப் சிங் 109 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் மொத்தம் 390 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். இதைப் படிக்கிற எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆளின் நாய்க்குட்டி பெயர் தெரியும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். போட்டிக்குப் போகும்போது சாப்பாட்டுப் படி 56 கிலோ பையனுக்கும் எனக்கும் ஒரே தொகை. கேட்டால் "ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான் தம்பி" என்பார்கள். அதே ஊரில் ஷேர் ஆட்டோவில் ஏறினால் எனக்கு மட்டும் இரண்டு ஆள் சார்ஜ். அங்கே ரூல்ஸ் ஒன்றாக இல்லையே?

ஓய்வுக்குப் பிறகு இந்த எடையோடு வாழ முடியாது என்பது நிஜம். 2008இல் பெய்ஜிங்கில் ஒரே கிலோ வித்தியாசத்தில் தங்கம் வென்ற ஜெர்மனியின் மத்தியாஸ் ஸ்டெய்னர், விளையாட்டை விட்ட பிறகு நாற்பது கிலோவுக்கு மேல் இறக்கினார். நானும் இறக்கிவிட்டேன். இப்போது கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைத் தனியாக ஓரம்கட்டிக் கேட்பது, "என்னப்பா இப்படி வத்திப் போயிட்ட, சுகரா?"