சப்ளை செயின் அடிப்படையில் ஒரு கணினி அசெம்பிளி ஆலையை எப்படி வடிவமைப்பது?

ஒரு நாளைக்கு 1,000 டெஸ்க்டாப் பூட்டும் ஆலையை இறுதியாண்டு புராஜெக்டாக வடிவமைக்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டோர்ஸில், அதாவது பாகங்களைச் சேர்த்து வைக்கும் கிடங்கில் தொடங்குங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் அசெம்பிளி ஆலையில் மெட்டீரியல் பிளானிங்கில் ஒன்பது வருஷம் இருந்ததால் இதை உறுதியாகச் சொல்கிறேன். எல்லோரும் முதலில் கன்வேயரை வரைகிறார்கள், மிச்சமிருக்கும் மூலையில் ஸ்டோர்ஸை ஒட்டவைக்கிறார்கள், பிறகு ஆயுசுக்கும் அவதிப்படுகிறார்கள்.

ஒரு மார்ச் மாதக் கடைசி வாரம், பெரிய ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பிராசஸர் இருக்கிறது, ரேம் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, பவர் கார்டு மட்டும் இல்லை. விலை குறைந்த பொருள் என்பதால் அதன் இருப்பை வாரத்துக்கு ஒரு முறைதான் பார்ப்போம், அந்த வாரம் வரவேண்டிய கன்டெய்னர் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. மூன்று ஷிஃப்ட் லைன் நின்றது, கோடிக்கணக்கான ரூபாய் சரக்கு ரேக்கில் சும்மா கிடந்தது. அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம் இது: ஸ்க்ரூ, கேபிள், ஸ்டிக்கர், அட்டைப்பெட்டி போன்றவற்றை ஒரு மாதத்துக்கு வாங்கி வைத்துவிடுவேன், பிராசஸரையும் ரேமையும் தினமும் எண்ணுவேன். இரண்டையும் ஒரே விதியில் நடத்தக் கூடாது. விலை உயர்ந்த பாகங்களை அதிகம் தேக்கினால் இன்னொரு சிக்கலும் வரும். ரேம் விலை இறங்கத் தொடங்கினால் ரேக்கில் இருக்கும் ஒவ்வொரு நாளும் காசு கரையும்.

சரி, அடுத்தது உங்கள் புராஜெக்டிலேயே பெரிய முடிவு: ஆர்டர் வரும்வரை பொருள் எந்த நிலையில் காத்திருக்கும்? 4 வகை பிராசஸர், 3 அளவு ரேம், 4 வகை டிஸ்க், 2 விதக் கீபோர்டு, 2 விதக் கேபினெட் என்று வையுங்கள். பூட்டி முடித்த கணினியாகச் சேர்த்து வைத்தால் 192 வகை, எது விற்கும் என்று யாருக்கும் தெரியாது. பாகங்களாக வைத்தால் 15 வகைதான். டெல் நிறுவனம் வளர்ந்தது இந்தக் கணக்கில்தான். ஆர்டர் வந்த பிறகே பூட்டினார்கள், சப்ளையர்கள் தங்கள் சரக்கைத் தங்கள் செலவில் டெக்சாஸ் ஆலைக்குப் பக்கத்துக் கிடங்குகளில் வைத்திருந்தார்கள், ஆலை சில மணி நேரத்துக்கு ஒரு முறை தேவையானதை மட்டும் இழுத்துக்கொண்டது. மானிட்டர் அவர்கள் ஆலைக்குள்ளேயே வரவில்லை, அதை ஏற்கெனவே மானிட்டர் கம்பெனி பெட்டியில் போட்டுவிட்டது, ஆலையில் பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லை, அதனால் போகிற வழியில் கூரியர்காரரே சிபியு பெட்டியோடு சேர்த்து வாடிக்கையாளர் வீட்டில் இறக்கிவிட்டார். உங்கள் வரைபடத்திலும் மானிட்டருக்கு இடம் ஒதுக்காதீர்கள், கிடங்கில் பெரிய பகுதி மிச்சமாகும்.

இப்போது லைன். 7.5 மணி நேர ஷிஃப்ட் என்றால் 27,000 விநாடி, 1,000 கணினிக்கு வகுத்தால் 27 விநாடிக்கு ஒன்று வெளியே வர வேண்டும். ஒரு கணினிக்கு மொத்தம் 12 நிமிஷ வேலை என்று வைத்தால் 27 பேர். மாணவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், பர்ன்-இன் சோதனையை மறந்துவிடுகிறார்கள்! பூட்டிய கணினியை 4 மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பதாக இருந்தால், மணிக்கு 133 வீதம் எந்த நேரமும் 533 கணினிகள் ரேக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கு 100 வாட் என்றாலும் 53 கிலோவாட். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும், மே மாதத்தில் அதைக் குளிர்விக்க ஏசி வேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் அதையும் தாங்க வேண்டும். சோதனையில் 5 சதவீதம் தோற்றால் தினமும் 50 கணினிகள் ரிப்பேர் மேஜைக்குப் போய், திரும்பவும் அதே ரேக்குக்கு வரும். இடம் அதற்கும் சேர்த்துத்தான்.

கேபினெட்டைத் தூரத்திலிருந்து வரவழைப்பது எனக்கு உடன்பாடில்லை. காலி தகரப் பெட்டி அது, கன்டெய்னரில் பாதிக்கு மேல் காற்றைத்தான் ஏற்றி வருகிறோம். அக்கம்பக்கத்தில் ஷீட் மெட்டல் பட்டறை இருக்கிற ஊராகப் பாருங்கள். சப்ளையர் பக்கத்தில் இருந்தால் பாதுகாப்பு இருப்பும் (தேவை திடீரென்று ஏறினால் சமாளிக்க வைக்கும் கூடுதல் சரக்கு) குறையும், அது வந்துசேரும் நாள்களின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தினசரித் தேவையின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு) 100 என்றால், பாகம் தீர்ந்துபோகாது என்ற 95 சதவீத உறுதிக்கு, 16 நாளில் வரும் பாகத்துக்கு 660 கூடுதலாக வைக்க வேண்டும், 4 நாளில் வருவதற்கு 330 போதும்.

ஒரு பாகத்துக்கு இரண்டு சப்ளையர் இருந்தால் போதும் என்று எல்லோரும் எழுதுவார்கள். 2011 தாய்லாந்து வெள்ளத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட் இரண்டும் ஹார்ட் டிஸ்க் செய்யும் கம்பெனிகள். வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. சீகேட் ஆலைகளுக்குள் வரவில்லை, ஆனால் அவர்களுக்கு மோட்டார் முதலிய பாகங்கள் செய்துகொடுத்த கம்பெனிகள் மூழ்கியதால் அவர்கள் உற்பத்தியும் அடிபட்டது. உலகம் முழுவதும் ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது. ஆகவே, உங்கள் சப்ளையருக்கு யார் சப்ளையர் என்பதையும் ஒரு படி தாண்டி எழுதுங்கள்.

அப்புறம் ஒன்று, மதிப்பெண்ணுக்காக இல்லாவிட்டாலும் சொல்ல நினைக்கிறேன். டெல் 2005இல் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் பெரிய டெஸ்க்டாப் ஆலை திறந்தது, 2010இல் மூடியது. கனமான டெஸ்க்டாப்பை வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் பூட்டுவது சரியான யோசனைதான். ஆனால் ஜனங்கள் லேப்டாப்புக்கு மாறிவிட்டார்கள், லேப்டாப்பை சீனாவில் பூட்டி விமானத்தில் அனுப்பினாலும் கட்டுப்படியாகும். வேலை இழந்தவர்களில் யாரும் தப்பாகப் பூட்டியவர்கள் இல்லை, அதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கும். ஆகவே ரேக், மேஜை, கன்வேயர் எல்லாவற்றையும் சக்கரம் வைத்தவையாக, கழற்றி மாற்றக்கூடியவையாக வரையுங்கள், நாளைக்கு அதே தரையில் சர்வரோ லேப்டாப்போ பூட்ட வேண்டி வரலாம்.

முதல் தாளில் லேஅவுட் வேண்டாம். பாகங்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை, அடைக்கும் இடம், வந்துசேரும் நாள் மூன்றையும் எழுதுங்கள். அதை முடித்தபின் ஸ்டோர்ஸ் எவ்வளவு பெரியது, லாரி நிற்கும் டாக் எந்தப் பக்கம் என்பதைப் பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.