ஓவியமா, அறிவியலா என்று மகளை நெருக்காதீர்கள்

படமும் வரைகிறாள், பழைய ரேடியோவையும் பிரித்துப் போடுகிறாள், எதில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: கலைஞர் என்ற பெயரில் மாதச் சம்பள வேலை மிகக் குறைவு. அருங்காட்சியக வடிவமைப்பு, கேம், மேடை ஒளியமைப்பு, தரவுக் காட்சிப்படுத்தல் என்று பக்கத்துத் துறைகளில்தான் பலர் சம்பாதிக்கிறார்கள்.

ஆனால் கலையையும் அறிவியலையும் சேர்த்துச் செய்வது நேற்று முளைத்த ஆசை இல்லை. 1966-லேயே நியூயார்க்கில் பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி க்ளூவரும் ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க்கும் கலைஞர்களையும் பொறியாளர்களையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று செர்ன் துகள் இயற்பியல் மையமே கலைஞர்களை வரவழைத்துத் தங்கவைக்கிறது.

'ஏஐ வந்துவிட்டதே, இனி இவள் எதற்கு?' என்ற உங்கள் பயத்துக்கு, ஏஐ வைத்தே கலை செய்யும் அன்னா ரிட்லர் என்ற கலைஞரைச் சொல்வேன். 10,000 டுலிப் பூக்களைத் தானே படமெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் நிறம், வகை எல்லாம் கையால் எழுதி, அதைக் கொண்டுதான் கணினிக்குப் பூ வரையப் பழக்கினார். பார்ப்பவர் கண்ணில் படுவது கணினி வரைந்த பூ. உழைப்பெல்லாம் அந்தக் கையெழுத்தில் இருக்கிறது.

சரி, எந்தப் பட்டம்? தனியாகச் செய்ய முடியாதது எதுவோ, அதைக் கல்லூரியில் படிக்கட்டும். உயிரணுக்களை வைத்துக் கலை செய்ய ஆசை என்றால் ஆய்வகமும் அனுமதியும் வேண்டும். வீட்டு மேஜையில் நடக்காது. ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையும் கொஞ்சம் நிரலெழுத்தும்தான் ஆசை என்றால் அதை வீட்டிலேயே பழகலாம். அப்போது நுண்கலைக் கல்லூரியே நல்லது. படைப்பைக் கிழித்துப் பேச ஆள் கிடைப்பது அங்கேதான். இரண்டிலும் அரைகுறையாகத் தொட்டுப் போகும் பாடத்திட்டம் எனக்குப் பிடிப்பதில்லை.

அப்புறம், போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த படைப்புகளின் தொகுப்பு. என்னிடம் வந்த ஒரு மாணவி, தொட்டி மண் காயக் காய விளக்கு மங்கும்படி ஒன்று செய்திருந்தாள். சில நாளிலேயே அளவு தாறுமாறானது. எடுத்துப் பார்த்தால் ஈரப்பத சென்சாரின் கம்பிகள் அரித்துப் போயிருந்தன. ஈரமண்ணில் மின்சாரம் விடாமல் ஓடினால் அப்படித்தான் ஆகும். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் போகும்படி மாற்றினாள். நேர்காணலில் அந்த அரித்த கம்பியின் படத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம்.

உங்கள் மகள் பிரித்துப் போட்ட ரேடியோ மறுபடி பாடியதா? பாடாவிட்டாலும் பரவாயில்லை. ஏன் பாடவில்லை என்று எழுதி வைத்திருந்தால், அடுத்த முறை அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.