பாட்டி பின்னிய பழைய லேஸ் துண்டுகளை வீட்டிலேயே வைத்திருப்பதா, அரும்பொருளகத்திடம் கொடுப்பதா?

சிங்கப்பூரில் பாட்டியின் பெட்டியைத் திறந்து பார்த்த ஒருவரின் கேள்வி இது. கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் துணியைக் கொடுப்பதற்கு முன், அதைப் பற்றி வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்பதைக் கேட்டு எழுதிவிடுங்கள். நான் அதைச் செய்யத் தவறியவன்.

என் அம்மாவின் தாயார் நாகர்கோவிலைச் சேர்ந்தவர். லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820-களில் அவ்வூர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அந்தக் கைவேலையும் அவரோடு அங்கே சென்றது. ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை நாம் எல்லாரும் அறிவோம். அவர் மனைவி நடத்திய லேஸ் பள்ளியைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. கெட்டியாக அடைத்த திண்டின் மீது துளையிட்ட மாதிரித் தாளைப் பொருத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை இணை இணையாக முறுக்கியும் குறுக்கே மாற்றியும், ஒவ்வொரு பின்னலையும் குண்டூசியால் நிறுத்திக்கொண்டே நகரும் வேலை அது. பாட்டியின் கையால் ஆனதில் எஞ்சியிருப்பது தலையணை உறை விளிம்பு ஒன்று மட்டுமே. யாரிடம் கற்றார், யார் திருமணத்துக்காகப் பின்னினார் என்று அவர் இருந்தபோது நான் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, நாங்கள் அதை அந்துருண்டையோடு பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்தோம். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் மடிப்பெங்கும் பழுப்புப் புள்ளிகள் படர்ந்துவிட்டன.

சேகரிப்பு எவ்வளவு பேசும் என்பதைப் பார்க்க இங்கே ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ள பெரனக்கான் அரும்பொருளகத்துக்குச் செல்லுங்கள். இவ்வட்டாரத்தில் குடியேறியவர்களும் உள்ளூர் மக்களும் கலந்து உருவான சமூகத்தினரே பெரனக்கான்கள்; அவர்களின் பெண்கள் அணியும் மேற்சட்டை கெபாயா. ஐரோப்பிய இயந்திர லேஸை விளிம்பில் தைத்த 'கெபாயா ரெண்டா'வுக்கும், பின்னாளில் தையல் இயந்திரத்தால் துணியிலேயே பூவேலை செய்து இடையிடையே துளை வெட்டிய 'கெபாயா சுலாம்'முக்கும் உள்ள வேறுபாட்டை உடைகளே சொல்லும். குடும்பங்கள் தலைமுறைகளாகக் காத்துக் கொடுத்திராவிட்டால் இது சாத்தியமில்லை. (லேஸைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'ரெண்டா'வும் யாழ்ப்பாணத்தார் சொல்லும் 'றேந்தை'யும் ஒரே போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தவை.) சிங்கப்பூர் உட்பட 5 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்த கெபாயா, 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆனால் கண்ணாடிப் பேழை மட்டும் கைவேலையைக் காப்பாற்றாது. பிரான்சின் அலான்சோன் நகரில் லேஸுக்கான அரும்பொருளகம் இருக்கிறது. 1976 முதல் தேசியப் பட்டறையும் இயங்குகிறது. அவ்வூர் ஊசி லேஸில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 மணி நேரம் பிடிக்கும். முழுமையாகக் கற்க 7 முதல் 10 ஆண்டுகள் ஆகும். கற்றுத் தேர்ந்த கைகளையும் சேர்த்தே அங்கே காப்பதுதான் எனக்கு முன்மாதிரியாகத் தெரிகிறது.

உங்கள் துண்டுகளை இப்போதைக்கு அமிலமற்ற தாளில் மடிப்பில்லாமல் சுருட்டி, வெளிச்சம் படாமல் வையுங்கள். நீங்களே வெளுக்க வேண்டாம். எங்கே கேட்பது என்றால், 2015-இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்திலிருந்து தொடங்கலாம். அரும்பொருளகங்கள் எல்லாவற்றையும் ஏற்பதில்லை. யார் செய்தது, எப்படி இங்கே வந்தது என்பதைக் கேட்பார்கள். அம்மாவுக்கு நினைவிருப்பதை ஞாயிறுதோறும் ஒலிப்பதிவு செய்துவருகிறேன். அது முடிந்ததும் பதிவையும் அந்த விளிம்பையும் ஒன்றாகவே அங்கே கொண்டுசெல்வேன்.